பாசிக்குடா, கல்குடா, காயாங்கேணிப் படகுக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், காக்காமார், தம்பிமார் எல்லோருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் உங்கள் பக்கத்து ஊர்க்காரன். வாழைச்சேனைப் பகுதியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். உங்களில் சிலருடைய பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறையின், மேல் நங்கூரம் போடுவதை இந்தப் பருவத்தோடு நிறுத்துங்கள். நீங்கள் ஏற்றிப் போகும் ஆட்கள் கல்லின் மேல் ஏறி நிற்க விடாதீர்கள். சொறி (ஜெலிமீன்) கடித்தால் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் படகில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருங்கள். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

பாசிக்குடாக் கடல் ஆழமில்லாதது. நெடுந்தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். பிள்ளைகுட்டிகளோடு சனம் வருவதே அதற்காகத்தான். அதனால்தான் அங்கே கல் அதிகமாக மிதிபடவும் செய்கிறது. ஆழமான இடத்தில் நீந்துகிறவனுக்குக் கால் ஊன்ற எதுவும் கிடைக்காது. இங்கே களைத்தவுடன் காலைக் கீழே விடுகிறான், அது நேரே கல்லின் மேல் போய் நிற்கிறது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. கீழே இருப்பது உயிருள்ள பிராணி என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளை முருகைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். மேற்பரப்பு முழுக்கச் சின்னக் குழிகள் தெரியும். ஒரு குழியை மட்டும் உற்றுப் பார்த்தால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தாள் போன்ற மெல்லிய சுவர்கள் ஓடும். பொறுமை இருந்தால் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஆறின் மடங்குகளாகவே இருக்கும். அந்தக் குழிக்குள் ஒரு உயிர் இருந்தது. பாடப்புத்தகத்தில் பொலிப்பு என்கிறோம். மேலே ஒரு வாய், வாயைச் சுற்றிக் கைகள் போல பரிசக்கொம்புகள், உள்ளே ஒரு வயிறு. தின்பதும் கழிவை வெளியே தள்ளுவதும் அந்த ஒரே வாயால்தான். மூளை இல்லை, இதயம் இல்லை, இரத்தம் இல்லை. பகலில் பெரும்பாலானவை உள்ளே சுருங்கிவிடும். இரவில் கைகளை விரித்து, தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணிய பிராணிகளைப் பிடித்துத் தின்னும். ஒவ்வொரு பொலிப்பும் தன் அடியில் கல்சியம் காபனேற்றைச் சுரந்து கல்லை உயர்த்திக்கொண்டே போகிறது. நாம் கல் என்று பார்ப்பது பல தலைமுறையாகச் சேர்ந்த கூடு. சதை இருப்பது மேலே சில மில்லிமீற்றரில் மட்டும்.

காலோ நங்கூரமோ உரசும்போது போவது அந்தச் சில மில்லிமீற்றர்தான். கல் உடையாமலே இருக்கலாம், பார்க்கிறவருக்கு ஒன்றும் நடக்காத மாதிரித் தெரியும். உரிந்த இடத்தில் பாசி ஏறும். பாசி ஏறிய இடத்தில் பொலிப்பு மறுபடி பரவுவது கடினம். நோயும் அந்தப் புண் வழியாக நுழையலாம்.

வளர்ச்சியோ மிக மெதுவானது. உருண்டையாக வளரும் இனங்கள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளர்கின்றன. ஆளின் இடுப்புயரம் வளர்ந்த உருண்டைக் கல் ஒன்றைப் பார்த்தால், அது உங்கள் பூட்டன் தோணி ஓடிய காலத்தில் தொடங்கியது என்று எடுத்துக்கொள்ளலாம். மான்கொம்பு போலக் கிளைவிடும் இனங்கள் வேகமானவை, வருடத்துக்கு பத்து சென்ரிமீற்றரும் வளரும். ஆனால் ஒரு நங்கூரம் இழுபட்டாலே ஒரு பாத்தி முழுக்க முறிந்துவிடும்.

இனி நிறம். வெளியூர்க்காரர் கண்ணாடிப் படகில் குனிந்து பார்த்து வியக்கும் நிறங்களில், பழுப்பு பெரும்பாலும் பொலிப்பின் சதைக்குள் குடியிருக்கும் அல்காக்கள் என்ற நுண்ணிய பாசிகளுக்கு உரியது. அவை வெயிலில் ஒளித்தொகுப்புச் செய்து, உண்டாக்கும் உணவில் பெரும் பகுதியைப் பொலிப்புக்குக் கொடுத்துவிடுகின்றன. முருகையின் சக்தித் தேவையில் 90 சதவீதம் வரை இப்படிக் கிடைக்கக்கூடும். பதிலுக்குப் பொலிப்பு அவற்றுக்கு இருக்க இடமும் தன் கழிவிலிருந்து உரமும் காபனீரொட்சைட்டும் கொடுக்கிறது. கடலடியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பரப்பில் இருக்கும் முருகைப் பாறைகள், கடல் இனங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கு இடம் தருகின்றன என்றால், அதற்கு அடிப்படை இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

தண்ணீர் சூடாகும்போது இந்த உறவு முறிகிறது. வழக்கமான கோடை உச்சத்தை விட ஒரு பாகை செல்சியஸ் கூடி, அப்படியே சில வாரங்கள் நின்றால் போதும். அல்காக்கள் வெளியேற்றப்படுகின்றன, கல் வெளிறிப்போகிறது. உலகம் முழுவதும் பரவிய வெளிறல் இதுவரை நான்கு முறை பதிவாகியிருக்கிறது: 1998இல், 2010இல், 2014 முதல் 2017 வரை, பின்னர் 2023இல் தொடங்கியது. 1998இல் இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவ போன்ற இடங்கள் பெரும் அடி வாங்கின. கடல் சூடாவதைக் கல்குடாவில் இருந்துகொண்டு நம்மால் நிறுத்த முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிறிய கல் அந்த நாளே செத்துவிடுவதில்லை. பட்டினியோடு சில வாரங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் குளிர்ந்தால் அல்கா திரும்பி வரும், கல் தேறும். அந்த வாரங்களில் மிதிபட்டாலோ சேற்று நீரோ கழிவு நீரோ வந்து மூடினாலோ தேறாது. ஆகவே கல் வெள்ளையாகத் தெரியும் காலத்தில் ஆட்களை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வேறு இடம் காட்டுங்கள். ஒரு பருவத்து வருமானம் குறையலாம். கல் செத்துப்போனால் அடுத்த பருவத்தில் காட்ட ஒன்றுமிருக்காது.

நம் கரை இதற்கு முன்னும் கல்லை இழந்திருக்கிறது. சுண்ணாம்புக்காக முருகைக்கல் வெட்டிச் சூளையில் சுட்டதைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கரையோரத்தில் முருகை அகழ்வதை 1988இல் சட்டம் தடைசெய்தது. கல்லை இழந்ததன் விலை என்னவென்று 2004 மார்கழிச் சுனாமியில் தெற்குக் கரை கண்டது. பெரலியவில் கல் பெருமளவு அகழப்பட்டிருந்தது. அங்கே கடல் ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே வந்து ரயிலையே புரட்டியது. சில கிலோமீற்றர் தள்ளி, கல் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவவில் தண்ணீர் ஐம்பது மீற்றர் அளவில் நின்றது. இதை ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுனாமிக்குப் பின் மட்டக்களப்பில் நாவலடியையும் கல்லடியையும் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, சொறிக்கு வருகிறேன். அதையும் முருகையையும் ஒரே கடிதத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. சொறிமீன், முருகை, கடல் சாமந்தி மூன்றும் விலங்குகளில் ஒரே பெரும் பிரிவு, நிடாரியா என்ற கணம். உடல் அமைப்பும் ஒன்றுதான். ஒரு கிண்ணத்தை வாய் மேலே இருக்கும்படி தரையில் ஒட்டி வைத்தால் அது கடல் சாமந்தி, அதன் அடியில் சுண்ணாம்பு சேர்த்தால் முருகை. அதே கிண்ணத்தைக் கவிழ்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் சொறி. பெரும்பாலான சொறிகள் தம் வாழ்நாளில் இரண்டு வடிவமும் எடுக்கின்றன. முட்டையிலிருந்து வரும் குடம்பி முதலில் கடினமான ஏதோ ஒரு பரப்பில் ஒட்டிப் பொலிப்பாக வாழ்கிறது. காலம் வாய்க்கும்போது அந்தச் சின்னப் பொலிப்பு குறுக்கே பிரிந்து பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டிச் சொறிகளை நீந்தவிடுகிறது. திடீரென்று ஒரு கிழமையில் கடல் நிறையச் சொறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். துறைமுகச் சுவர், கொங்கிறீட் தூண், கடலில் கிடக்கும் பிளாஸ்ரிக் எல்லாம் அந்தப் பொலிப்புக்கு ஒட்டிக்கொள்ள வசதியான இடங்கள். சொறியைத் தின்று குறைப்பது ஆமை. ஆனால் மிதக்கும் பொலித்தீன் பை ஆமையின் கண்ணுக்குச் சொறியாகவே தெரிகிறது. படகிலிருந்து பறக்கும் ஒரு பை எங்கே போய் முடியும் என்பதை ஆட்களை ஏற்றும்போதே சொல்லுங்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஆயுதம் கொட்டும் கலம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதலுதவியில் நடக்கும் தவறுகள் எல்லாம் அது வேலை செய்யும் விதம் தெரியாததால்தான். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சின்ன உறை. அதற்குள் சுருட்டி வைத்த குழல், குழலோடு நஞ்சு. உறைக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 150 மடங்கு. வெளியே உள்ள முள் போன்ற நுனியில் ஏதாவது பட்டால் மூடி திறக்கும், குழல் வெளியே பாயும். ஹைட்ரா என்ற நன்னீர் உறவினத்தில் இதை அதிவேகக் கமராவால் அளந்து 2006இல் வெளியிட்டார்கள். முள் வெளியே பாய எடுத்த நேரம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை விடவும் குறைவு. விலங்குலகில் நாம் அறிந்த மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று. இதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை, ஒவ்வொரு கலமும் தானாகவே வெடிக்கும். அதனால்தான் கரையில் செத்துக் கிடக்கும் சொறியும், வலையில் அறுந்து ஒட்டிய துண்டும் கடிக்கின்றன. கரைவலை இழுக்கிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தோலில் ஒட்டிய துண்டில் வெடிக்காத உறைகள் ஆயிரக்கணக்கில் மிச்சம் இருக்கும். நம் வேலை அவற்றை வெடிக்கவிடாமல் எடுப்பது. மணல் போட்டுத் தேய்த்தால் வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினால், உப்பின் செறிவு மாறுவதால் வெடிக்கும். சிறுநீர் ஊற்றுவதும் உதவாது. கடிபட்டவரை முதலில் தண்ணீரிலிருந்து கரைக்குக் கொண்டுவாருங்கள். கடல் நீரால் மெதுவாகக் கழுவுங்கள். ஒட்டியிருப்பதைக் கையால் தொடாமல் சிறு இடுக்கியால் எடுங்கள். பிறகு தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில், இருபது நிமிடம் வைத்தால் பல வகைச் சொறிகளில் நோவு இறங்கும். வெந்நீரைக் கடிபடாத ஒருவர் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும், தோல் வெந்துவிடக் கூடாது. நான்கு மூலையிலும் கைகள் தொங்கும் பெட்டி வடிவச் சொறி என்று சந்தேகம் இருந்தால், துண்டை எடுக்கும் முன் வினாகிரியை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றுங்கள், அந்த இனங்களில் அது வெடிக்காத உறைகளை அடக்கும். ஆனால் வேறு சில இனங்களில் வினாகிரி உறைகளை வெடிக்கச் செய்கிறது. அதனால் எல்லாச் சொறிக்கும் அதையே மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சுத் திணறினால், நெஞ்சு இறுகினால், மயங்கினால், குழந்தைக்குப் பெரிய இடத்தில் கடித்திருந்தால் வேறொன்றும் பார்க்காதீர்கள், 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

கல்லின் மேல் நின்றவர் சில வேளை காலில் நெருப்புப் பட்டது போல் கத்துவார். மஞ்சள் கலந்த பழுப்பில், நுனி வெளுத்து நிற்கும் தீமுருகையாக இருக்கலாம். அது உண்மையான முருகையை விட ஹைட்ராவுக்குத்தான் கிட்டிய சொந்தம். கால் வைக்கக் கூடாது என்பதற்கு வேறெந்த நியாயமும் ஏறாத ஆளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடல் சாமந்திக்குள் இருக்கும் கோமாளி மீனைக் காட்டச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள். நீங்களும் ஆசையோடு காட்டுகிறீர்கள். ஒரு படகில் இருந்த தம்பி, மீன் ஒளிந்திருக்கிறது என்று நீண்ட தடியால் சாமந்தியைக் குத்தியதை நான் பார்த்தேன். குத்தியதும் சாமந்தி முழுவதும் உள்ளே சுருங்கிக்கொண்டது. மீன்கள் இரண்டும் வெளியே வந்து பதறிச் சுற்றின. வந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த மீனுக்குச் சாமந்தியை விட்டால் ஒளிய இடமில்லை. மற்ற மீன்களைக் கொட்டும் அந்தக் கைகள் இதைக் கொட்டாமல் இருக்க, இதன் மேல் இருக்கும் சளிப்படலம் உதவுகிறது. மீன் அங்கே காவல் இருந்து, சாமந்தியைக் கொறிக்க வருகிறவற்றை விரட்டும். மீனின் கழிவு, சாமந்திக்குள் இருக்கும் அல்காவுக்கு உரமாகும்.

அந்தக் குடும்பத்துக்குள்ளும் ஒழுங்கு இருக்கிறது. கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது அதன் ஆண் துணை, மற்றவை வளராத சின்னவை. பெண் செத்தால், அல்லது யாரும் பிடித்துக்கொண்டு போனால், அந்த ஆண் மீனே பெண்ணாக மாறும். சின்னவற்றில் பெரியது ஆணின் இடத்துக்கு வரும். மாறி முடிய நாள் எடுக்கும், அதுவரை முட்டை இல்லை. அலங்கார மீனுக்கென்று ஒரு சாமந்தியிலிருந்து பெரியதையும் அடுத்ததையும் சேர்த்து எடுத்தால் அந்த வீடு நெடுநாள் குஞ்சு காணாது. சாமந்தியையே பெயர்த்து எடுத்தால் எல்லாம் முடிந்தது. அது மெதுவாக வளர்ந்து பல பத்தாண்டுகள் வாழக்கூடிய பிராணி. தடியைப் படகிலேயே வைத்துவிடுங்கள். கொஞ்சம் தள்ளி அசையாமல் மிதக்கச் சொல்லுங்கள், சில நிமிடத்தில் மீன் தானாக வெளியே வந்து முகத்தைப் பார்க்கும். அதைப் பார்த்த குழந்தையின் சந்தோசத்துக்கு ஈடாக எந்தத் தடியும் எதையும் தராது.

இனி நங்கூரம். இதற்கு வழி இருக்கிறது, பல நாடுகளில் செய்கிறார்கள். கல்லில்லாத மணலில் கனமான அடித்தளத்தை நிலையாகப் பதித்து, அதிலிருந்து ஒரு மிதவையைக் கட்டிவிடுவார்கள். வருகிற படகெல்லாம் மிதவையில் கயிற்றைக் கட்டிக்கொள்ளும், யாரும் நங்கூரம் போடத் தேவையில்லை. தனி ஆள் நினைத்தபடி போடக் கூடிய விடயம் இல்லை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காயாங்கேணி 2019இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால் அங்கே வனசீவராசிகள் திணைக்களமும் சம்பந்தப்படும். உங்கள் சங்கங்கள் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுத்தால் அதற்கு எடை இருக்கும். எழுத உதவி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். அது வரும்வரை கண்ணையே நம்புங்கள். தெளிந்த தண்ணீரில் மணல் வெளுப்பாகவும் கல் இருட்டாகவும் தெரியும். வெளுப்பில் போடுங்கள், கயிறு இழுபட்டுக் கல்லில் உரசாத தூரத்தில் போடுங்கள். இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை. அவசரத்தில் விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

விடுதிக்கார அண்ணன்மாரிடம் இன்னும் சில. கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் கடலுக்கோ கடலுக்குப் போகும் ஓடைக்கோ விடாதீர்கள். அதிலுள்ள போசணை பாசியை வளர்த்து முருகையை மூடும். முதுகில் பூசும் வெயில் கிறீம்களில் சில இரசாயனங்கள் முருகைக் குடம்பிகளைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டியதால், ஹவாயில் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்திருக்கிறார்கள். கடலில் இறங்குகிறவர்களுக்குக் கைநீளச் சட்டை ஒன்று வாடகைக்குக் கொடுத்தால் கிறீமும் குறையும், சொறிக் கடியும் குறையும். இடுக்கி, வினாகிரி, வெந்நீர்க் குடுவை, கடிக்கு என்ன செய்வது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு தாள், இவை வரவேற்பு மேசைக்குப் பின்னால் எப்போதும் இருக்கட்டும்.

படகில் ஏறும் முன் சொல்ல வேண்டியதை நீட்ட வேண்டியதில்லை. கீழே இருப்பது உயிர், கால் வைக்காதீர்கள், கை வைக்காதீர்கள், களைத்தால் முதுகில் மிதந்து கையைக் காட்டுங்கள், நான் வருவேன். இவ்வளவுதான். நீந்தத் தெரியாதவருக்கு லைஃப் ஜக்கெட்டை இறுக்கமாகக் கட்டிவிட்டால் அவருக்குக் கால் ஊன்றும் தேவையே வராது. உங்களிடம் இருந்து வருகிற சொல்லை வெளியூர்க்காரர் கேட்பார்கள். நான் கரையில் நின்று சொன்னால் கேட்க மாட்டார்கள். கடலில் அதிகாரம் உங்களுடையது.

பாடசாலையிலிருந்து ஒரு நுணுக்குக்காட்டியை இரவல் வாங்கி வர அதிபர் சம்மதித்திருக்கிறார். கரையில் ஒதுங்கிய சொறித் துண்டு ஒன்று கிடைத்தால் கொட்டும் உறையை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம், வினாகிரியும் நல்ல தண்ணீரும் அதை என்ன செய்கின்றன என்பதையும் பார்க்கலாம். படகு இறக்கும் முன், ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறேன். எந்த ஞாயிறு வசதி என்று சங்கச் செயலாளர்மார் பேசித் தீர்மானித்து, என்னிடம் படித்த பிள்ளைகள் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். புதிதாகப் படகில் சேர்ந்திருக்கும் தம்பிமாரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் உயிரியல் ஆசிரியர்,
வாழைச்சேனை.